இருபது நிமிடப் பேச்சு

(மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் பேசிய பேச்சு)

 

பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தோல் வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள். விடிவதற்கு முன் எழுந்து இட்லி அவித்து விற்றவர்கள் இருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன்.

இன்று பேசப்போவது எச்.ஐ.வி. பற்றி. கொஞ்சம் கூச்சம் வரும். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாலும் சரி, காதைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

தெரிந்தால் போதுமா?

"எச்.ஐ.வி. பற்றித்தான் எங்களுக்குத் தெரியுமே" என்று சிலர் நினைப்பீர்கள். சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். பீடிக் கட்டின் மேல் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. புற்றுநோய் வரும் என்று எழுதியும் இருக்கிறது. பீடி குடிப்பவர் அதைப் பார்க்கிறார். இப்போது படிக்கவும் செய்கிறார். பிறகு என்ன செய்கிறார்? ஒரு பீடியை உருவிப் பற்ற வைக்கிறார்.

அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தெரிவது வேறு, செய்வது வேறு. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட என்ன வழி? மனித மனத்தையும் நடத்தையையும் ஆராய்கிறவர்கள் உளவியலாளர்கள். அவர்கள் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்ட ஒரு வழியைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அந்த வழிக்குப் பெரிய செலவு இல்லை. பேச்சுதான் வழி.

நோய் யாருக்கு வரும்?

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தை.

எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமி. நோயை எதிர்க்கும் நம் உடல் சக்தியை அது மெல்ல மெல்ல அழிக்கும். மருந்து இல்லாமல் பல ஆண்டுகள் போனால் உடல் ஓய்ந்துவிடும். அந்த நிலைக்குப் பெயர் எய்ட்ஸ்.

இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டறிந்தது 1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். பாலியல் தொழில் செய்த பெண்கள் சிலரின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தது. உடனே ஊர் என்ன சொன்னது? "இது கெட்டவர்களுக்கு வரும் நோய். நமக்கு வராது" என்றது.

நமக்கு வராதா? பக்கத்து ஊரான புனேயில் 1993 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடந்தது. பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 391 பேர் பாலியல் தொழில் செய்யாதவர்கள். பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். அந்த 391 பேரில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

அந்தப் பெண்கள் என்ன தவறு செய்தார்கள்? ஒன்றும் இல்லை. கிருமி கணவர் வழியாக வீட்டுக்குள் வந்தது. கணவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆளைப் பார்த்தால் நோய் தெரியாது. திடமாக இருப்பார், மூட்டை தூக்குவார். உள்ளே கிருமி இருக்கும்.

கிருமி பரவும் வழிகள் நான்கு. ஆணுறை இல்லாத உடலுறவு. கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றுவது. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. சேர்ந்து சாப்பிட்டால் வராது. ஒரே கழிப்பறைக்குப் போனால் வராது. கொசு கடித்தால் வராது. தொட்டால் வராது.

பேசிப் பார்த்த ஆய்வு

இப்போது பேச்சுக்கு வருவோம்.

அமெரிக்காவில் 5 ஊர்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1998இல் வெளியானது. பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த 5,758 பேர் அதில் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அவர்களைப் பிரித்தார்கள்.

ஒரு பகுதியினருக்கு வெறும் தகவல் மட்டும் சொன்னார்கள். "இப்படி நோய் வரும். ஆணுறை போடுங்கள்" என்று ஐந்து நிமிடம் சொல்லி அனுப்பினார்கள்.

இன்னொரு பகுதியினரோடு ஆலோசகர் உட்கார்ந்து பேசினார். ஒரு தடவை 20 நிமிடம். சில நாள் கழித்து மறுபடியும் 20 நிமிடம். அவ்வளவுதான்.

மூன்றாவது பகுதியினரோடு நான்கு தடவை, அதிக நேரம் பேசினார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். தகவல் மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்குப் புதிதாகப் பால்வினை நோய் வந்திருந்தது. இரண்டு தடவை பேசியவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்குத்தான் வந்திருந்தது. நான்கு தடவை பேசியவர்களிலும் அதே 7 பேர்தான்.

நூற்றுக்கு மூன்று பேர் தப்பினார்கள். இது சின்னக் கணக்கு போலத் தெரியும். ஆயிரம் பேருக்கு 30 பேர் ஆகிறது. லட்சம் பேருக்கு 3,000 பேர் ஆகிறது. அதுவும் 40 நிமிடப் பேச்சில். பால்வினை நோய்ப் புண் இருந்தால் எச்.ஐ.வி. கிருமி சுலபமாக உள்ளே நுழையும். அதனால் அந்த நோய் குறைந்தால் எச்.ஐ.வி. ஆபத்தும் குறையும்.

என்ன பேசினார்கள்?

அந்த இருபது நிமிடத்தில் ஆலோசகர் புத்திமதி சொல்லவில்லை. "நல்லவனாக இரு" என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டார். பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்.

அதை நம் ஊருக்குத் தகுந்தபடி சொல்லிப் பார்க்கிறேன். ஒரு லாரி ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகரிடம் வந்து உட்காருகிறார்.

"வாங்க அண்ணாச்சி. உங்களுக்கு எதுல ஆபத்து இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"வெளியே போறது உண்டுங்க. எப்பவும் இல்ல."

"எப்போ அப்படி ஆகுது?"

"சம்பளம் வாங்குன அன்னைக்கு. கூட்டாளிங்களோட குடிப்போம். அப்புறம் கூப்பிடுவாங்க. போயிருவேன்."

"ஆணுறை போடுறது உண்டா?"

"குடிக்காத அன்னைக்குப் போட்டிருக்கேன். குடிச்சா ஞாபகம் வராது."

"அப்போ உங்களால முடியும். குடிக்காத அன்னைக்குச் செஞ்சிருக்கீங்களே. அடுத்த சம்பளத்துக்குள்ள ஒரே ஒரு காரியம் மாத்தணும்னா எதை மாத்துவீங்க?"

ஓட்டுநர் யோசிக்கிறார். பிறகு சொல்கிறார்: "சம்பளம் வாங்குனதும் முதல்ல வீட்டுக்குப் பணம் அனுப்பிருவேன். கையில கொஞ்சந்தான் வச்சுக்குவேன். குடிக்கப் போறதுக்கு முன்னாடியே சட்டைப் பையில ஆணுறை வச்சுக்குவேன்."

"நல்லது. அடுத்த தடவை வரும்போது எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, ஆபத்து எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறது என்று அவரே கண்டுபிடித்தார். இரண்டு, சிறிய காரியம் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். மூன்று, திரும்பி வந்து சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அடுத்தவர் சொன்ன புத்திமதி வாசலோடு போய்விடும். தானே சொன்ன வார்த்தை கூடவே வரும்.

மும்பையில் கண்டது

இது வெளிநாட்டுக் கதை மட்டும் அல்ல. நம் மும்பையிலும் ஆய்வு நடந்தது. செம்பூருக்குப் பக்கத்தில் தேவ்னாரில் மக்கள்தொகை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று உள்ளது. அங்கே இருந்த ரவி வர்மா, அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டீபன் ஷென்சல், உளவியலாளர் போனி நஸ்டாசி ஆகியோர் இந்த வேலையைச் செய்தார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஆண்களோடு பேசினார்கள்.

எச்.ஐ.வி. பற்றிக் கேட்கப் போனவர்களிடம் ஆண்கள் வேறு ஒன்றைச் சொன்னார்கள். "எனக்கு குப்த ரோக் இருக்கிறது" என்றார்கள். குப்த ரோக் என்றால் ரகசிய நோய். பலம் போய்விட்டது, தாது போகிறது, ஆண்மை குறைகிறது என்ற கவலை. அவர்களுக்கு அதுதான் பெரிய பயம்.

லோக்கல் ரயிலில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "ரகசிய நோயா? ஒரே வாரத்தில் குணம்" என்று போட்டிருக்கும். அந்தப் பயத்தை வைத்துத்தான் போலி வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். ஒன்று சொல்கிறேன். விந்து வெளியேறுவதால் உடல் பலம் குறையாது. அது நோய் அல்ல.

ஆய்வு செய்தவர்கள் அந்தக் கவலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அதை விடு, எச்.ஐ.வி. பற்றிக் கேள்" என்று சொல்லவில்லை. ஆண்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்தே தொடங்கினார்கள். அந்தப் பகுதி வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மருந்து எழுதும் முன் வந்தவரின் கதையைக் கேட்க வேண்டும். வேலை எப்படி, குடி உண்டா, மனைவியோடு உறவு எப்படி என்று விசாரிக்க வேண்டும். அந்தக் கதையிலிருந்தே ஆபத்தையும் மாற்ற வேண்டியதையும் இருவரும் சேர்ந்து காண வேண்டும்.

இதிலிருந்து நாம் கற்பது இதுதான். பேச்சை நம் பயத்திலிருந்து தொடங்கக் கூடாது. எதிரே இருப்பவரின் கவலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பேச்சுக்கும் எல்லை உண்டு

பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

சேத் காலிச்மன் என்ற உளவியலாளர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் வேலை செய்தார். பால்வினை நோய் மருத்துவமனைக்கு வந்த, குடிப்பழக்கம் உள்ளவர்களோடு ஒரு மணி நேரம் பேசிப் பழக்கும் முறையைச் சோதித்தார். வெறும் தகவல் கேட்டவர்களை விட அவர்கள் ஆணுறையை அதிகம் பயன்படுத்தினார்கள். அது 2007இல் வெளியானது. அடுத்து, குடிக்கும் இடங்களுக்கு வருபவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பேசும் முறையையும் சோதித்தார். மூன்று மாதம் வரை நல்ல பலன் தெரிந்தது. ஆறாம் மாதம் பலன் மங்கிவிட்டது. அது 2008இல் வெளியானது.

2013இல் அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 9 மருத்துவமனைகளில் சுமார் 5,000 பேர் சேர்ந்தார்கள். பரிசோதனை நேரத்தில் ஒரே ஒரு தடவை பேசி அனுப்பினார்கள். அதனால் பால்வினை நோய் குறையவில்லை.

ஏன் இப்படி? ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் செடி எத்தனை நாள் நிற்கும்? பேச்சும் அப்படித்தான். 1998இல் வெளியான ஆய்வில், பேசியவர் திரும்ப வந்தார். "என்ன ஆயிற்று?" என்று ஆலோசகர் கேட்டார். புனேயிலும் அப்படியே. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மறுபடி மறுபடி வந்த ஆண்களிடம் ஆணுறைப் பழக்கம் கூடியதாக 1998இல் எழுதினார்கள்.

பேச்சோடு வேறு சிலவும் வேண்டும். ஆணுறை கைக்கு எட்ட வேண்டும். பரிசோதனை வேண்டும். மருந்து வேண்டும். குடியைக் குறைக்க உதவி வேண்டும்.

நாம் எப்படிப் பேசலாம்?

தாராவிக்கு நம் ஊர்க்காரர்கள் வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆண்கள் தனியாக வந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து பொங்கல் வீட்டில் தங்கினார்கள். சேர்ந்து சமைத்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்த ஒட்டுறவு இன்னும் நம்மிடம் இருக்கிறது. நல்ல பேச்சுக்கு அதைவிடப் பெரிய முதல் வேண்டாம்.

ஆண்களுக்குச் சொல்கிறேன். கூட்டாளி தடம் மாறினால் கேலி செய்யாதீர்கள். ஊரெல்லாம் சொல்லாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "மக்கா, உனக்கு என்ன கவலை? அடுத்த வாரம் ஒரு காரியம் மாத்தணும்னா எதை மாத்துவ?" அவர் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த வாரம் மறக்காமல் விசாரியுங்கள்.

பெண்களுக்குச் சொல்கிறேன். ஆணுறை போடச் சொல்லிக் கணவரிடம் கேட்பது சுலபம் இல்லை. "என்மேல் சந்தேகமா?" என்று கோபப்படுவார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார். அதனால் வார்த்தையை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். தோழியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். இப்படிச் சொல்லலாம்:

"ஏங்க, நாம ரெண்டு பேரும் ஒரு தடவை ரத்தம் பார்த்துட்டு வருவோமா? சந்தேகம் ஒண்ணும் இல்லீங்க. பிள்ளைங்களுக்கு நாமதானே இருக்கோம்."

கோபமான நேரத்தில் பேச வேண்டாம். குடித்திருக்கும் நேரத்தில் பேச வேண்டாம். அடி விழும் என்ற பயம் இருந்தால் தனியாகப் பேசவே வேண்டாம். ஆலோசகரிடம் முதலில் நீங்கள் போங்கள். அவர் வழி சொல்வார்.

படிக்கத் தெரிந்ததன் பயன்

இப்போது உங்களுக்கு எழுத்து தெரியும். அது இந்த விஷயத்தில் இரண்டு இடத்தில் உதவும்.

ஆணுறைப் பொட்டலத்தின் மேல் தேதி போட்டிருக்கும். படித்துப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

அடுத்து, பரிசோதனை மையம். சயான் ஆஸ்பத்திரியிலும் மற்ற அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ரத்தம் எடுக்கும் முன் ஆலோசகர் உங்களோடு பேசுவார். முடிவு வந்த பிறகும் பேசுவார். அந்த நிமிடங்களை வீணாக்காதீர்கள். மனதில் உள்ளதைக் கேளுங்கள். ஒப்புதல் தாளைக் கொடுத்தால் அவசரமாகக் கைநாட்டு வைக்காதீர்கள். படியுங்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

2017இல் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை ஊருக்குச் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. வாடகை வீடு மறுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

கிருமி இருந்தால்?

பலர் பரிசோதனைக்குப் போகாததற்குக் காரணம் பயம். "இருக்கிறது என்று தெரிந்தால் செத்த மாதிரிதானே?" என்று நினைக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது.

2004 ஏப்ரல் முதல் இந்தியாவில் எச்.ஐ.வி. மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. மும்பையில் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் முதலில் தொடங்கினார்கள். இன்று பல ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிட்டால் கிருமி அடங்கும். ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கி, அப்படியே நிலைத்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணி சரியாக மருந்து சாப்பிட்டால் பிள்ளைக்கு வரும் ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் கிருமி மறுபடி தலை தூக்கும்.

2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறார்கள். வேலை செய்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். தெரிந்துகொண்டவர் மருந்து சாப்பிட்டு வாழ்கிறார். தெரிந்துகொள்ளாதவர்தான் ஆபத்தில் இருக்கிறார். அவர் வீட்டில் இருப்பவரும் ஆபத்தில் இருக்கிறார்.

தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே! இருபது நிமிடம் என்பது ஒரு பானை சோறு வேகும் நேரம். குழாயில் தண்ணீர் பிடிக்கக் காத்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஒருவரிடம் கனிவாகக் கேளுங்கள். அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். அடுத்த வாரம் மறுபடி விசாரியுங்கள். ஒரு குடும்பம் தப்பும்.

கலந்து பேசுவோம்

1. தெரிந்திருந்தும் நாம் செய்யாத காரியம் ஒன்றைச் சொல்லுங்கள். ஏன் செய்ய முடியவில்லை?

2. லாரி ஓட்டுநர் தானே தேர்ந்தெடுத்த காரியம் என்ன? ஆலோசகர் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. "நாம ரெண்டு பேரும் ரத்தம் பார்த்துட்டு வருவோமா?" இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

4. உங்கள் சந்தில் யாருக்காவது எச்.ஐ.வி. இருப்பதாகப் பேச்சு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? என்ன செய்ய மாட்டீர்கள்?